பாதிக்கு மேல் என்றால் எதில் பாதி? குவாம் தீவின் ஆளுநர் தேர்தலை வைத்து ஒரு விளக்கம்

பசிபிக் பெருங்கடலில் இருக்கும் குவாம் தீவில் 1998 நவம்பர் 3ஆம் தேதி ஆளுநர் தேர்தல் நடந்தது. பதவியில் இருந்த கார்ல் குட்டியரஸ் 24,250 ஓட்டு வாங்கினார். அவரை எதிர்த்து நின்ற முன்னாள் ஆளுநர் ஜோசப் அடாவுக்குக் கிடைத்தது 21,200. வித்தியாசம் 3,050. அவ்வளவு சின்னத் தீவில் இது நல்ல வித்தியாசம்தான். ஆனாலும் குட்டியரஸ் ஜெயித்தது செல்லுமா என்பது முடிவாக ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. வழக்கு அமெரிக்காவின் உச்ச நீதிமன்றம் வரை போனது.

இந்த வழக்கில் இரு தரப்பும் எண்ணிக்கையைப் பற்றிச் சண்டை போடவில்லை. 24,250 என்பதை இருவருமே ஒப்புக்கொண்டார்கள். அந்த எண்ணை எந்த எண்ணால் வகுப்பது என்பதில்தான் தகராறு. ஒரு விதமாக வகுத்தால் 51.21 சதவீதம் வருகிறது. இன்னொரு விதமாக வகுத்தால் 49.83. முதலாவது சரியென்றால் அவர் ஆளுநர். இரண்டாவது சரியென்றால் தீவு முழுக்க மறுபடியும் வாக்குச்சாவடிக்குப் போக வேண்டும்.

தேர்தல் கணக்கைப் புதிதாகப் படிப்பவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து இல்லை. எண்கள் சிறியவை, கையாலேயே போட்டுப் பார்க்கலாம். அந்தக் கணக்கை வைத்துத்தான் ஒரு தீவை யார் ஆள்வது என்பது முடிவானது.

குவாமும் அதன் ஆளுநரும்

இந்தியாவில் ஆளுநர் என்பவர் டெல்லியிலிருந்து நியமிக்கப்பட்டு வருபவர். குவாமின் ஆளுநர் மக்கள் ஓட்டில் வருபவர். பொறுப்பை வைத்துப் பார்த்தால் நம் முதலமைச்சருக்குத்தான் நெருக்கம். தீவு அரசின் நிர்வாகம் முழுவதும் அவர் கையில். அவரோடு ஒரு துணை ஆளுநரும் உண்டு. இருவரும் ஜோடியாகத்தான் நிற்க வேண்டும். வாக்காளர் ஒரு குறி போட்டால் அது ஜோடிக்கே போகும். 1998இல் குட்டியரஸோடு மாடலின் போர்டல்லோவும், அடாவோடு ஃபீலிக்ஸ் கமாச்சோவும் நின்றார்கள்.

குவாம் சுமார் 50 கிலோமீட்டர் நீளமுள்ள தீவு. மக்கள்தொகை ஒன்றரை லட்சம் சொச்சம். மரியானா தீவுக்கூட்டத்தின் தென்கோடியில், பிலிப்பைன்ஸுக்குக் கிழக்கே இருக்கிறது. அங்கே பூர்வகுடிகள் சமோரோ மக்கள். ஸ்பெயினிடம் இருந்த தீவு 1898 போருக்குப் பிறகு அமெரிக்கா வசம் வந்தது. அதன்பின் அரை நூற்றாண்டு அமெரிக்கக் கடற்படைதான் ஆண்டது, நடுவே 1941 முதல் 1944 வரை ஜப்பானிய ஆக்கிரமிப்பு. 1950இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டு அந்த மக்களுக்குக் குடியுரிமை கொடுத்தது. குவாமுக்கு அரசியலமைப்பு மாதிரி இருப்பது அந்தச் சட்டம்தான். அப்போதும் ஆளுநரை நியமித்தது அமெரிக்க அதிபர். 1968இல் வந்த திருத்தத்துக்குப் பிறகுதான், 1970இல், தங்கள் ஆளுநரைத் தாங்களே தேர்ந்தெடுக்கும் உரிமை குவாம் மக்களுக்குக் கிடைத்தது.

அந்த ஓட்டுக்கு அங்கே எவ்வளவு மதிப்பு என்பதைச் சொல்லியாக வேண்டும். குவாமில் வசிக்கும் அமெரிக்கக் குடிமகனால் அதிபர் தேர்தலில் ஓட்டுப்போட முடியாது. வாஷிங்டன் நாடாளுமன்றத்துக்குத் தீவிலிருந்து ஒரு பிரதிநிதி போகிறார். ஆனால் அவையில் ஒரு மசோதா இறுதி வாக்கெடுப்புக்கு வரும்போது அவருக்கு ஓட்டு இல்லை. ஆக, குவாம் வாக்காளர் தன் கையால் தேர்ந்தெடுக்க முடிகிற மிகப் பெரிய பதவி ஆளுநர் பதவிதான். அதில் ஒரு குறை வந்தால் அதை ஈடுகட்ட வேறு தேர்தல் கிடையாது.

ஜெயிப்பதில் இரண்டு வகை

ஒரு பதவிக்குப் பலர் நிற்கிறார்கள். மற்ற எல்லோரையும்விட ஒரு ஓட்டாவது கூட வாங்கியவர் ஜெயித்தார் என்பது ஒரு முறை. நம் சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தல்கள் இப்படித்தான். நாலு பேர் நின்று ஓட்டுப் பிரிந்தால் 30 சதவீதம் வாங்கியவரும் எம்.எல்.ஏ. ஆகலாம். மீதி 70 சதவீதம் பேர் அவரை வேண்டாம் என்று சொன்னது கணக்கில் வராது.

இன்னொரு முறையில் முதலிடம் மட்டும் போதாது, பாதியைத் தாண்டியாக வேண்டும். யாரும் தாண்டாவிட்டால் முதல் இரண்டு இடத்தில் வந்தவர்களை மட்டும் வைத்து இன்னொரு சுற்று நடக்கும். இருவர் மட்டுமே நிற்பதால் அந்தச் சுற்றில் ஒருவர் பாதியைத் தாண்டிவிடுவார்.

குவாம் சட்டம் இந்த இரண்டாவது முறையைச் சொல்கிறது. ஆளுநரும் துணை ஆளுநரும் "அளிக்கப்பட்ட வாக்குகளில் பெரும்பான்மை" பெற்றுத் தேர்வாக வேண்டும். "எந்தத் தேர்தலிலும் அளிக்கப்பட்ட வாக்குகளில்" எவருக்கும் பெரும்பான்மை கிடைக்காவிட்டால் பதினான்காம் நாள் முதலிரண்டு ஜோடிகளுக்கு இடையே இரண்டாம் சுற்று. சட்டத்தில் இருப்பதன் சாரம் இவ்வளவுதான். படிக்கும்போது தெளிவாகத்தான் இருக்கிறது. 1998இல் வழக்காகி நின்றது இதே வரிதான்.

இரண்டு முறைக்கும் உள்ள வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பதற்குக் குவாமின் பக்கத்துத் தீவுகளையே பார்க்கலாம். அதே மரியானா தீவுக்கூட்டத்தின் வடக்குப் பகுதி சைப்பானைத் தலைநகராகக் கொண்ட தனி ஆட்சிப் பகுதி. அங்கே 2005இல் நான்கு முனைப் போட்டி. பெனிக்னோ ஃபிட்டியல் சுமார் 28 சதவீத ஓட்டில், நூறுக்கும் குறைந்த வித்தியாசத்தில், ஹைன்ஸ் ஹோஃப்ஷ்னைடரை முந்தி ஆளுநரானார். நூற்றுக்கு எழுபதுக்கு மேல் வேறு ஆட்களுக்குப் போட்டிருந்தார்கள், அப்படியும் ஆட்சி அவருக்கு. அப்புறம் அந்த ஊரில் விதியை மாற்றி இரண்டாம் சுற்றைக் கொண்டுவந்தார்கள். 2009 நவம்பரில் அதே இருவர் மறுபடி மோதினார்கள், கூடவே வேறு இரண்டு ஜோடிகளும் நின்றன. முதல் சுற்றில் ஹோஃப்ஷ்னைடர் முன்னிலை. எவ்வளவு தெரியுமா? 8 ஓட்டு. பழைய விதி இருந்திருந்தால் அந்த 8 ஓட்டில் அவர் ஆளுநர். ஆனால் யாரும் பாதியைத் தொடவில்லை. நவம்பர் 23ஆம் தேதி இருவருக்கும் மட்டும் இரண்டாம் சுற்று நடந்தது, ஃபிட்டியல் 370 ஓட்டில் ஜெயித்தார். முதல் சுற்றில் மற்ற ஜோடிகளுக்குப் போட்டவர்கள் இந்த முறை இருவரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது, முடிவு அதில்தான் மாறியது.

அதனால்தான் குவாமில் தோற்றவர்கள் இரண்டாம் சுற்றைக் கேட்டு நீதிமன்றம் போனதில் அர்த்தம் இருந்தது. அடுத்த சுற்றில் எதுவும் நடக்கலாம்.

48,666 சீட்டுகள்

1998இல் குவாமில் வாக்குச்சாவடிக்கு வந்து சீட்டுப் போட்டவர்கள் மொத்தம் 48,666 பேர். அந்தச் சீட்டில் ஆளுநருக்கு மட்டுமல்ல, தீவின் சட்டமன்றத்துக்கும் மற்றப் பதவிகளுக்கும் சேர்த்து ஓட்டுப்போடலாம். ஆளுநர் பகுதியை மட்டும் பிரித்துப் பார்த்தால் ஐந்து கட்டுகள் வருகின்றன.

குட்டியரஸ் ஜோடிக்கு 24,250. அடா ஜோடிக்கு 21,200. சீட்டில் அச்சடிக்காத வேறு பெயரைத் தாங்களே எழுதிப் போட்டவர்கள் 1,294 பேர். அமெரிக்கத் தேர்தல்களில் பல இடங்களில் இப்படிக் கையால் பெயர் எழுத இடம் விட்டிருப்பார்கள், அது செல்லுபடியாகும் ஓட்டு. அடுத்தது, ஆளுநர் பகுதியில் எந்தக் குறியும் போடாமல் வெறுமையாக விட்டவர்கள் 1,313 பேர். கடைசியாக, இரண்டு ஜோடிக்கும் குறி போட்டுவிட்டவர்கள் 609 பேர்.

ஐந்தையும் கூட்டினால் 48,666 வரும். இப்போது கணக்கைப் போடலாம்.

எல்லாச் சீட்டையும் மொத்தமாக எடுத்துக்கொண்டால் பாதி 24,333. அதைத் தாண்ட 24,334 வேண்டும். குட்டியரஸுக்கு இருப்பது 24,250. 84 ஓட்டு குறைகிறது. சதவீதத்தில் 49.83.

வெறுமையாக விட்ட 1,313 சீட்டைக் கழித்துவிட்டால் மொத்தம் 47,353. பாதியைத் தாண்ட 23,677 போதும். இப்போது குட்டியரஸுக்கு 573 ஓட்டு கூடுதலாகவே இருக்கிறது. சதவீதம் 51.21. குவாம் தேர்தல் ஆணையம் போட்டது இந்தக் கணக்குத்தான், இதை வைத்துத்தான் அவர் ஜெயித்ததாக அறிவித்தது.

இரட்டைக் குறி போட்ட 609 சீட்டையும் கழித்தால் மொத்தம் இன்னும் சுருங்கி 46,744 ஆகும், அவர் பங்கு 51.88 சதவீதமாக ஏறும்.

மூன்று கணக்கிலும் குட்டியரஸின் ஓட்டில் ஒன்றுகூட மாறவில்லை. கீழே இருக்கும் எண்தான் மாறுகிறது. நெருக்கமான தேர்தல் என்றதும் இரண்டு வேட்பாளருக்கும் உள்ள இடைவெளியைத்தான் எல்லோரும் பார்ப்போம். பாதியைத் தாண்டச் சொல்லும் தேர்தலில் இன்னொரு நெருக்கமும் இருக்கிறது: முதலில் வந்தவர் அந்தப் பாதிக் கோட்டுக்கு எவ்வளவு பக்கத்தில் நிற்கிறார் என்பது. அடா 3,050 ஓட்டு பின்னால் இருந்தார். கோடு 84 ஓட்டுத் தூரத்தில் இருந்தது.

ஏன் வெறுமையாக விடுகிறார்கள்?

இதைக் கொஞ்சம் நின்று பார்ப்பது நல்லது, ஏனென்றால் வழக்கின் உயிரே இந்த 1,313 பேர்.

ஒருவர் வாக்குச்சாவடி வரை வந்து, வரிசையில் நின்று, சீட்டை வாங்கி, ஆளுநர் பகுதியை மட்டும் விட்டுவிட்டுப் போகிறார். இரண்டு பேரையும் பிடிக்காமல் இருக்கலாம். சட்டமன்றத்துக்கு நிற்கும் உறவினருக்காகவே வந்திருக்கலாம். எல்லோரும் எல்லோருக்கும் சொந்தம் என்கிற மாதிரி இருக்கும் சிறு தீவில் இரு பக்கமும் வேண்டியவர்கள் இருந்து, யாருக்கும் போடாமல் இருப்பதே மரியாதை என்று நினைத்திருக்கலாம். வெறும் கவனக்குறைவாகவும் இருக்கலாம். சீட்டைப் பார்த்து இதில் எது என்று யாராலும் சொல்ல முடியாது.

இரட்டைக் குறிக்கும் ஒரு காரணம் ஊகிக்கலாம். குவாம் சட்டமன்றத்தின் 15 உறுப்பினர்களும் தீவு முழுவதற்கும் பொதுவாகத் தேர்வாகிறார்கள், தொகுதி கிடையாது. அதனால் ஒரு வாக்காளர் அந்தப் பகுதியில் 15 பெயர் வரை குறி போடலாம். அதே தேர்தலில் ஆளுநருக்கு மட்டும் ஒரே ஒரு குறி. பழக்கமில்லாதவர் அங்கேயும் இரண்டு போட்டால் ஆச்சரியமில்லை. ஆனால் இரண்டு போட்டால் எது அவர் விருப்பம் என்று தெரியாது, இரண்டுமே செல்லாது.

இப்படி விட்டுப்போன, செல்லாமல் போன சீட்டுகளைக் கேவலமாகப் பேசுவது எனக்குப் பிடிக்காது. யாருக்கும் போடாமல் இருக்க ஒருவருக்கு முழு உரிமை உண்டு. நம் ஊரில் நோட்டா வந்ததே அதை ஏற்றுக்கொண்டுதான். ஆனால் நோட்டாவில் விழுவதைச் செல்லுபடியான ஓட்டாக இந்தியத் தேர்தல் ஆணையம் கணக்கில் எடுப்பதில்லை. டெபாசிட் கணக்குப் போடும்போதும் அதைச் சேர்ப்பதில்லை. அதாவது யாருக்கும் போடாதவரை மதிப்பது ஒன்று, அவர் போடாததை ஒருவருக்கு எதிரான எடையாகத் தராசில் வைப்பது வேறு.

வழக்கு போன பாதை

அடா தரப்பு குவாமில் உள்ள அமெரிக்க மத்திய மாவட்ட நீதிமன்றத்துக்குப் போனது. அவர்கள் சொன்னது இதுதான்: சட்டம் "எந்தத் தேர்தலிலும் அளிக்கப்பட்ட வாக்குகள்" என்கிறது. அன்றைக்கு நடந்தது எல்லாப் பதவிக்குமான பொதுத் தேர்தல். ஆகவே அன்று விழுந்த எல்லாச் சீட்டையும் மொத்தமாக எடுக்க வேண்டும். ஆளுநருக்கு விழுந்த ஓட்டை மட்டும் எடுக்கச் சட்டம் நினைத்திருந்தால் அப்படியே எழுதியிருக்குமே.

இதைப் பொய் வாதம் என்று தள்ள முடியாது. வந்தவர்களில் பாதிப்பேருக்கு மேல் ஒருவரை ஏற்க வேண்டும் என்று ஒரு சட்டம் கேட்பதில் நியாயம் இருக்கிறது. மாவட்ட நீதிமன்றம் இதை ஏற்றுக்கொண்டது. 1998 டிசம்பர் 19ஆம் தேதி இரண்டாம் சுற்று நடத்தச் சொல்லி உத்தரவு போட்டது. சான்ஃபிரான்சிஸ்கோவில் இருக்கும் ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது, ஆனால் உச்ச நீதிமன்றம் பார்க்கும் வரை நிறுத்தி வைத்தது. டிசம்பர் 19இல் தேர்தல் நடக்கவில்லை. 1999 ஜனவரியில் குட்டியரஸின் இரண்டாவது பதவிக்காலம் தொடங்கியது. தலைக்கு மேல் வழக்கு தொங்கிக்கொண்டிருக்க, அவர் ஆளுநராக வேலை பார்த்தார்.

இதற்கு முன்பே, 1982இல், கரீபியனில் அமெரிக்கா வசம் இருக்கும் விர்ஜின் தீவுகளில் இதே கேள்வி வந்திருந்தது. அந்தத் தீவுகளுக்கான சட்டத்திலும் ஏறக்குறைய இதே வாசகம்தான். அந்தப் பகுதிக்கான மேல்முறையீட்டு நீதிமன்றமான மூன்றாவது வட்ட நீதிமன்றம் வெற்றுச் சீட்டையும் கெட்டுப்போன சீட்டையும் சேர்க்கத் தேவையில்லை என்று சொல்லியிருந்தது. ஒரே வாசகம், கரீபியனில் ஒரு பொருள், பசிபிக்கில் வேறு பொருள். அப்படியே விட முடியாது.

உச்ச நீதிமன்றம் 1999 டிசம்பரில் வாதம் கேட்டு, 2000 ஜனவரி 19ஆம் தேதி தீர்ப்புச் சொன்னது. எழுதியவர் நீதிபதி டேவிட் சூட்டர். ஒன்பது பேரும் ஒரே பக்கம். கீழ் நீதிமன்றங்கள் சொன்னது தவறு, ஆளுநர் பதவிக்காக விழுந்த ஓட்டை மட்டும் எடுத்தால் போதும், குட்டியரஸ் ஜெயித்தார்.

தீர்ப்பின் காரணங்களைப் படித்தால் ஒரு சட்ட வரியை எப்படி வாசிக்க வேண்டும் என்பதும் சேர்த்தே புரியும். முதல் காரணம், அந்த வரி நிற்கும் இடம். அந்தப் பிரிவு முழுக்க ஆளுநர், துணை ஆளுநர் தேர்தலைப் பற்றியே பேசுகிறது. முன்னே இரண்டு தடவை, பின்னே நாலு தடவை. நடுவில் "எந்தத் தேர்தலிலும்" என்று வந்தால் அது வேறெந்தத் தேர்தலைச் சொல்லும்? மனிதர்களைப் போலவே சொற்களையும் அவை சேர்ந்திருக்கும் கூட்டத்தை வைத்துத்தான் அறிகிறோம் என்று சூட்டர் எழுதினார்.

இரண்டாவது, அதே பிரிவில் "வாக்கு" என்பது ஒரு ஜோடியைத் தேர்ந்தெடுப்பதையே குறிக்கிறது. ஒவ்வொரு வாக்காளரும் இரு பதவிக்கும் சேர்த்து ஒரே வாக்கு அளிப்பார் என்று அது சொல்கிறது. அப்படிச் சொல்லிவிட்டு அடுத்த வரியிலேயே, ஆளுநர் பகுதியில் ஒன்றுமே எழுதாத சீட்டையும் "வாக்கு" என்று எண்ணச் சொன்னால் பொருந்தாது.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. இதே சட்டத்தில் ஆளுநரைப் பதவியிலிருந்து திரும்பப் பெறும் வாக்கெடுப்புக்கு ஒரு பிரிவு இருக்கிறது. அங்கே அந்த வாக்கெடுப்பில் பங்கேற்ற எல்லோரிலும் பெரும்பான்மை வேண்டும் என்று வெளிப்படையாக எழுதியிருக்கிறார்கள். ஆக, வந்த எல்லோரையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று நினைத்த இடத்தில் அதைச் சொல்ல அவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. ஆளுநர் தேர்வில் அப்படி எழுதவில்லை.

இது எல்லாவற்றுக்கும் மேல் ஒரு நடைமுறைக் கேள்வியும் இருக்கிறது. ஆளுநர் யார் என்பதில் அக்கறை காட்டாதவர்கள் வேறு பகுதியில் குறி போட்டார்கள் என்பதற்காக, இரண்டே வாரத்தில் இன்னொரு தேர்தலை ஏன் கட்டாயமாக்க வேண்டும்? ஆளுநருக்கு ஓட்டுப்போட்டவர்களில் பாதிக்கு மேல் ஏற்கெனவே ஒருவரைச் சொல்லிவிட்டார்கள். சட்டத்தில் எங்கும் அப்படியொரு நோக்கம் தெரியவில்லை என்பது நீதிமன்றத்தின் பார்வை. என் பார்வையும் அதுவே.

ஆனால் இதில் ஒரு விஷயம் மனதை உறுத்துகிறது. அந்த வரியை எழுதியது வாஷிங்டன் நாடாளுமன்றம். அங்கே குவாமுக்கு இறுதி வாக்கெடுப்பில் ஓட்டு இல்லை. 1968இல் எழுதியபோதோ அங்கே அவர்களுக்குப் பிரதிநிதியே இல்லை. அதற்குப் பொருள் சொன்னதும் வாஷிங்டன் நீதிமன்றம். தங்கள் ஆளுநரைத் தேர்ந்தெடுக்கும் விதியைத் தாங்களே எழுதும் அதிகாரம் அந்த மக்களிடம் இருந்திருந்தால், "செல்லுபடியான வாக்குகள்" என்று ஒரு சொல்லைச் சேர்த்துக் குழப்பத்தை அவர்களே தீர்த்திருக்க முடியும். இலங்கையின் அரசியலமைப்பு ஜனாதிபதித் தேர்தலுக்கு அதைத்தான் செய்கிறது: அளிக்கப்பட்ட செல்லுபடியான வாக்குகளில் அரைவாசிக்கு மேல் என்று நேரடியாகவே எழுதியிருக்கிறது. குப்பையில் விழுந்த சீட்டைச் சேர்ப்பதா வேண்டாமா என்ற கேள்வியே அங்கே எழாது.

பியூர்ட்டோ ரிக்கோவில் நடந்தது

குவாமோடு சேர்ந்து 1898இல் அமெரிக்கா வசம் வந்த இன்னொரு தீவு பியூர்ட்டோ ரிக்கோ. அங்கே ஆளுநர் தேர்தலில் இரண்டாம் சுற்று கிடையாது, அதிகம் வாங்கியவர் ஜெயித்தார். அப்படியென்றால் சண்டை வராது என்று நினைக்கலாம். வந்தது.

2004இல் அனிபல் அசெவேதோ வீலா 9,63,303 ஓட்டு. பெத்ரோ ரொசெயோ 9,59,737. சுமார் 20 லட்சம் ஓட்டில் வித்தியாசம் 3,566. இதில் சுமார் 28,000 சீட்டுகள் ஒரு விசித்திர வடிவில் இருந்தன. அங்கே சீட்டில் ஒவ்வொரு கட்சிக்கும் ஒரு வரிசை, வரிசையின் தலையில் கட்சிச் சின்னம், கீழே வேட்பாளர் பெயர்கள். சின்னத்தின் கீழ் குறி போட்டால் அந்தக் கட்சிக்கு. வேறு வரிசையில் உள்ள தனி வேட்பாளருக்கும் குறி போட்டுக் கலந்து வாக்களிக்கலாம். இந்த 28,000 பேர் சுதந்திரக் கட்சியின் சின்னத்தில் ஒரு குறி போட்டார்கள். அப்புறம் ஆளுநருக்கும், வாஷிங்டன் பிரதிநிதிக்கும் இன்னொரு கட்சியின் வேட்பாளர்களைக் குறித்தார்கள். அந்தச் சீட்டில் மொத்தமே அந்த இரண்டு பதவிதான். ஆக, சின்னம் ஒரு கட்சிக்கு, ஆட்கள் இருவரும் வேறு கட்சிக்கு. சிறிய கட்சி அங்கீகாரம் இழக்காமல் இருக்க ஒரு கை, ஆளுநர் தேர்வுக்கு இன்னொரு கை.

இந்த ஓட்டு அசெவேதோ வீலாவுக்குச் செல்லுமா? ரொசெயோ தரப்பு செல்லாது என்றது. பியூர்ட்டோ ரிக்கோ உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. மத்திய நீதிமன்றத்திலும் வழக்கு ஓடியது. கடைசியில் போஸ்டனில் உள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம், இது உள்ளூர்த் தேர்தல் சட்டத் தகராறு, நாங்கள் தலையிட வேண்டியதில்லை என்று 2004 டிசம்பரில் விலகிக்கொண்டது. 2005 ஜனவரி 2ஆம் தேதி அசெவேதோ வீலா பதவியேற்றார்.

குவாமில் எதை மொத்தத்தில் சேர்ப்பது என்று கேட்டார்கள், இங்கே எதை ஒருவர் பேரில் சேர்ப்பது என்று கேட்டார்கள். ஓட்டுகள் பெட்டிக்குள் போன பிறகு அந்தக் கேள்வி வந்ததுதான் இரண்டிலும் சிக்கல். அந்த நேரத்தில் எந்த விடை யாருக்குச் சாதகம் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. நீதிபதி எவ்வளவு நேர்மையாகத் தீர்ப்புச் சொன்னாலும் தோற்ற பக்கம் நம்ப மறுக்கிறது. இந்த மாதிரிச் சீட்டு வந்தால் என்ன செய்வது என்று முன்கூட்டியே, யார் முன்னிலை என்று தெரியாத நாளில், எழுதி வைப்பதற்கு ஈடு எதுவும் இல்லை.

குவாமில் அதற்குப் பிறகு

2000ஆம் ஆண்டுத் தீர்ப்பு வெற்றுச் சீட்டுக்கு விடை சொன்னது. இரட்டைக் குறிச் சீட்டை ஆணையம் மொத்தத்தில் வைத்திருந்தபோதே குட்டியரஸுக்குப் பெரும்பான்மை இருந்ததால், அதைத் தீர்க்க வேண்டிய தேவை அப்போது எழவில்லை. மிச்சம் வைத்த கேள்வி 2006இல் திரும்பி வந்தது. 1998இல் துணை ஆளுநர் பதவிக்கு நின்று தோற்ற ஃபீலிக்ஸ் கமாச்சோ இப்போது ஆளுநர். இரண்டாவது முறை நின்றார், எதிரே ராபர்ட் அண்டர்வுட். கமாச்சோ 50 சதவீதத்தைக் கொஞ்சமே தாண்டினார். இரட்டைக் குறிச் சீட்டுகளையும் மொத்தத்தில் சேர்க்க வேண்டும், சேர்த்தால் இரண்டாம் சுற்று வரும் என்பது அண்டர்வுட் தரப்பின் வாதம். இந்தத் தடவை விடை சொன்னது குவாமின் சொந்த உச்ச நீதிமன்றம்: இரண்டு பேருக்கும் குறி போட்டது ஓட்டே அல்ல, சேர்க்க வேண்டாம்.

2010இல் குட்டியரஸ் மறுபடி களத்துக்கு வந்தார். எடி கால்வோவிடம் 487 ஓட்டில் தோற்றார். இருவர் மட்டுமே நேருக்கு நேர் நின்ற போட்டி அது, பாதிக் கோட்டைப் பற்றிய கேள்வி பெரிதாக எழவில்லை. மறு எண்ணிக்கை மட்டும் நடந்தது.

2018இல் எல்லாமே ஒன்றாக வந்தது. ஜனநாயகக் கட்சியின் உள் தேர்தலில் லூ லியான் குரேரோ மிகக் குறைந்த வித்தியாசத்தில் ஃபிராங்க் அகுவானை முந்தினார், அதற்கே மறு எண்ணிக்கை. அகுவான் விடவில்லை, பொதுத் தேர்தலில் தன் பெயரைக் கையால் எழுதச் சொல்லி மக்களிடம் கேட்டார். ஆயிரக்கணக்கானோர் எழுதினார்கள். 1998இல் 1,294ஆக இருந்த அந்தக் கட்டு இப்போது ஒரு மூன்றாவது அணியாகவே வளர்ந்திருந்தது. கையால் எழுதிய பெயர் செல்லுபடியான ஓட்டு என்பதால் ஒவ்வொன்றும் மொத்தத்தில் சேரும், பாதிக் கோட்டை உயர்த்தும். இரண்டாம் சுற்று வரலாம் என்று தீவு காத்திருந்தது. குரேரோ 50 சதவீதத்தைச் சற்றே தாண்டி, குவாமின் முதல் பெண் ஆளுநரானார். 2022இல் மறுபடி ஜெயித்தார். தொடர்ந்து இரண்டு முறைக்கு மேல் அங்கே இருக்க முடியாது என்பதால் 2026 நவம்பர் தேர்தலில் அவர் நிற்க இடமில்லை. பாதியைத் தாண்ட வேண்டும், தாண்டாவிட்டால் பதினான்காம் நாள் இரண்டாம் சுற்று என்ற அந்த வரி சட்டத்தில் அப்படியேதான் இருக்கிறது.